குட்டிக்கு மட்டும் சீருடை

“அந்த ஆபீசரம்மா வந்துட்டுப் போற வரைக்கும் நீ அடுப்படியை விட்டு வெளியே தலை காட்டக் கூடாது. பார்த்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. காதுல விழுதா?”

தையல் மெஷினை மிதித்தபடியே அம்மா கூடத்திலிருந்து சத்தம் போட்டாள்.

“விழுது, விழுது.” பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குண்டானை வேண்டுமென்றே நங்கென்று வைத்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. குட்டிக்குப் பத்து. அம்மா தன் கையாலேயே அளவெடுத்துத் தைத்த சீருடை குட்டிக்கு. அதற்கு இஸ்திரி போடுவது இவள். ரெட்டைச் சடை பின்னுவது இவள். சாப்பாடு கட்டுவதும் இவள்தான். பையை மாட்டிக்கொண்டு குட்டி தெருமுனை திரும்பும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். பொறாமைதான், இல்லையென்று அவளே சொல்ல மாட்டாள். ஒருநாள் குட்டியின் ஷூவுக்குள் தண்ணீரைக்கூட ஊற்றிப் பார்த்தாள். அந்தக் கழுதை ஈர ஷூவோடு சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்விட்டது.

“அக்கா, இந்தக் கணக்கு வர மாட்டேங்குதுக்கா.” சீருடையோடு குட்டி நோட்டை நீட்டினாள்.

“உனக்கு எதுதான் வந்துச்சு? கொண்டா இப்படி.”

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நாலே வரியில் போட்டுக் கொடுத்தாள். படிப்பு பாதியில் நின்றாலும் கணக்கு அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் ‘மிக நன்று’ எல்லாம் குட்டிக்குத்தான் விழும்.

வாசலில் செருப்புச் சத்தம். அதிகாரி வந்துவிட்டார். குட்டி ஓடிப்போய் நோட்டைக் காட்டினாள்.

“அடேயப்பா! கணக்குல புலியா இருக்கியே! கெட்டிக்காரி!”

அடுப்படியில் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் இந்த அம்மாவின் உத்தியோகம் என்று தெருவுக்கே தெரியும். இன்றைக்கு விட்டால் இனி எப்போது? செருகிய பாவாடையும் கையில் துடைப்பமுமாகக் கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

அதிகாரியின் முகம் மாறியது. “யாரும்மா இது? வேலைக்கா வெச்சிருக்கீங்க?”

அவள் அதிகாரியையே பார்த்தாள். ‘என்னையும் சேர்த்துவிடுங்கள், நாளைக்கே வருகிறேன்’ என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

“நல்லா கேட்டீங்க போங்க! வேலைக்கு இருந்த குட்டியைத்தான் போன வருஷமே நீங்க ஸ்கூல்ல சேர்க்க வெச்சுட்டீங்களே. அப்புறம் வீட்டு வேலையை யாரு பாக்கறதாம்? இது நான் பெத்த பொண்ணுங்க.”

“சொந்தப் பொண்ணா? அப்பச் சரி.” அதிகாரி நிம்மதியாகச் சிரித்துவிட்டு, ‘வேலை செய்யும் குழந்தைகள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.