மாமா கேட்ட வெளிச்சம்

புது வீட்டு ஹாலுக்கு ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்து, சிவப்பு விளக்குகளும் மாட்டினேன். கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உனக்குக் கண்டதெல்லாம் சிவப்பு!”

எல்லோரும் சிரித்தோம். மாமனார் சிரிக்கவில்லை.

“என் ரூமுக்கும் இதே லைட் போட்டுடும்மா,” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மாட்டினேன். அப்புறம் அவர் வெளியே வருவதே அபூர்வம். அந்த வெளிச்சத்தில் முகம் தகதகவென்றிருந்தது. ரசனைக்காரர் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

நேற்று மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கில் டாக்டர் அதிர்ந்துபோனார்.

“கண்ணெல்லாம் மஞ்சள்! ஒரே வீட்ல இருந்துக்கிட்டு யாருமே பார்க்கலையா?”

கண் விழித்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “என் லைட்டுதான், மாமா, மறைச்சிடுச்சு...”

“புது வீட்டுக்கு வந்ததுமே உங்களை ஆஸ்பத்திரிக்கு அலைய விடவா? மறைக்கும்னுதானேம்மா அதைக் கேட்டேன்.”