பாதியில் நிற்காத சுத்தி

கைத்துப்பாக்கியின் சுத்தியைப் பின்னால் இழுத்தால் பாதியில் 'டிக்' என்று நின்றது. விசையைத் தொட்டதும் விழுந்துவிட்டது. கிறிகோரி நாலு தரம் இழுத்துப் பார்த்தான். நாலு தரமும் அதே கதைதான்.

1845இல் செய்த துப்பாக்கி, நூற்றைம்பது வயதுக்கு மேல். பாதியில் நிற்கும் சுத்தி, விசையை எவ்வளவு அழுத்தினாலும் அசையக் கூடாது. அதுதான் அதன் பூட்டு. அந்த நம்பிக்கையில்தான் வீட்டுக்காரியான இத்தாலிய மூதாட்டி, சின்யோரா, அதில் குண்டு போட்டு, சுத்தி அடித்தால் வெடிக்கும் செம்பு மூடியையும் மாட்டி, இரவில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். காலையில் குண்டை உள்ளேயே விட்டு மூடியை மட்டும் கழற்றித் துடைப்பது வீட்டு வேலைக்கு இருக்கும் கிறிகோரியின் பொறுப்பு. நேற்றுக் காலைவரை பூட்டில் குறையில்லை.

மன்னாரில் தையல் மிசின் திருத்தியவனுக்குக் கை சும்மா இருக்குமா? சின்யோராவின் காலஞ்சென்ற கணவருடைய கருவிப் பெட்டியை எடுத்துவந்து, சமையலறை மேசையில் திருகாணிகளைக் கழற்றினான்.

"சின்யோரா கண்டா இண்டைக்கே எங்களைக் கலைச்சுவிடுவா" என்றாள், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மனைவி விமலராணி.

உள்ளே ஒரு சிறு சக்கரம். அதில் கொக்கி போல ஒரு ஆழமான வெட்டு. விசையோடு சேர்ந்த நாக்கு அதற்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாது. இப்போதோ கொக்கியின் உதட்டையே காணவில்லை. மற்றதெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அந்த இடம் மட்டும் பளபளத்தது.

"உது தேய்ஞ்சதில்லை. ஆரோ அராவியிருக்கினம்."

"ஆர்?"

"நேற்று வந்தது ஆர்?"

விமலராணியின் கத்தி நின்றது. வந்தவன் சால்வோ, சின்யோராவுடைய கணவரின் தம்பி மகன். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்லி ஒரு வருடமாகச் சின்யோராவை நச்சரிப்பவன். இன்றும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறான். வந்தால் முதல் வேலையாக இந்தத் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரியப்பாவைப் போல நடந்து காட்டுவான்.

"மனுசி செத்தா நாங்கள் இஞ்ச இருக்கிற அனுமதிக்கு, எங்கட பெர்மெஸோவுக்கு, ஆர் கையெழுத்து வைக்கிறது? கெதியாத் திருத்துங்கோ."

மெல்லிய அரத்தால் வெட்டை ஆழப்படுத்தினான். புதிய உதடு பிறந்தது. எல்லாவற்றையும் பூட்டி, சுத்தியைப் பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தினான். அசையவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்து, யாரோ கெடுத்து வைத்ததையும் தான் திருத்தியதையும் சொன்னான். சால்வோவின் பெயரை மட்டும் விட்டுவிட்டான். சின்யோரா இரண்டு தரம் விசையை அழுத்திப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சால்வோ வந்து இதை இடுப்பில் செருக இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, கிறிகோரி. மூடியை நான் மாட்டுகிறேன். நீ அந்த உதட்டை மறுபடி அராவிவிடு. மூன்று இழுவை போதும், எனக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது."