எதுவும் அசையக் கூடாது

பங்குச் சந்தையில் கால் ஆப்ஷனும் புட் ஆப்ஷனும் விற்கக் கற்றுக்கொண்டதிலிருந்து இன்பசேகரனுக்கு வீட்டில் எதுவும் அசையக் கூடாது. பங்கு ஏறாது என்று ஒருவனிடமும் இறங்காது என்று இன்னொருவனிடமும் பணம் வாங்கி வைத்திருக்கிறான். சந்தை இருந்த இடத்திலேயே கிடந்தால்தான் அது அவனுக்குத் தங்கும். யார் கூப்பிட்டாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை உயர்த்துவான். அவன் மனைவி செண்பகவல்லி தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதைச் சொல்லப் போன அன்றும் பார்த்தது அந்தக் கையைத்தான். எத்தனை நாளைக்குத்தான் ஒரு கையோடு குடித்தனம் நடத்துவது? இன்று பெட்டியோடு வந்து நின்றாள்.

“நான் கெளம்புறேன்.”

கை எழுந்தது. “அஞ்சு நிமிஷம். மார்க்கெட் முடிஞ்சிரும்.”

“நல்லா முடியட்டும். நான் திரும்பி வர்றதா இல்ல.”

கை இறங்கவில்லை.

ஆட்டோ நகரத் தொடங்கியபோது மாடி ஜன்னலிலிருந்து அவன் குரல் உற்சாகமாகக் கேட்டது. “செண்பா, பாத்தியா! ஒண்ணுமே நடக்கல!”

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். “உங்களத்தான் கூப்பிடுறாரும்மா.”

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை உயர்த்தினாள்.