சென்றி

“பிள்ளை, கார் கனடாவுக்குள்ளதானே ஓடுது?”

அன்ரனெற் அன்ரி நாலாவது தடவையாகக் கேட்டா.

“ஓம் அன்ரி. பயப்பிடாதேங்கோ.”

எனக்கும் பயம்தான். அன்ரியின் அகதி வழக்கு அடுத்த கிழமை. அதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று லோயர் சொல்லியிருந்தார். ஆனாலும் நாலு மாதமாக ரொறன்ரோ அப்பாட்மென்றுக்குள்ளேயே அடைந்து கிடந்தவ. இலை சிவந்த காட்டைக் காட்டுவோம் என்று நானும் தம்பி மாக்கசும் கியூபெக்கின் எல்லைக் கிராமங்கள் பக்கம் கூட்டிவந்திருந்தோம்.

ஒரு மண் றோட்டில், செம்மஞ்சள் அங்கி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். அவருடைய மாடுகள் றோட்டைக் கடந்துகொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு நீலக் காரும் நின்றது.

நான் பிரேக் பிடிக்கவும் அன்ரி கதவைத் திறந்து இறங்கிவிட்டா. கையில், படம் ஒட்டிய இமிகிரேஷன் பேப்பர்.

“அன்ரி, ஏறுங்கோ! அவர் மாட்டுக்காரர்!”

“ஆமிச் சென்றியில இறங்கி நடக்காட்டிச் சுடுவாங்கள் பிள்ளை.”

“இது மன்னார் றோட்டே?” மாக்கஸ் சிரித்தான். “மானம் போகுது அன்ரி.”

கிழவர் பேப்பரை வாங்கி, அன்ரியின் முகத்தையும் பார்த்து, ஆறுதலாக வாசித்தார். மாடுகள் போனதும் நீலக் காரைப் போகவிட்டார். பிறகு தன் உழவு மெசினைக் கொண்டுவந்து றோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார்.

பேப்பரை அன்ரியிடம் திருப்பிக் கொடுத்து, “நோ, நோ!” என்று கையை ஆட்டினார். மிச்சமெல்லாம் பிரெஞ்சு.

“பாத்தியே அக்கா? வெள்ளை எண்டால் போகலாம். எங்களுக்கு மட்டும் நோ!”

எனக்கு முகம் சுட்டது. அன்ரியை ஏற்றிக்கொண்டு காரைத் திருப்பினேன்.

அடுத்த கிராமத்துக் கோப்பிக் கடைப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. வரைபடத்தில் அந்த றோட்டைக் காட்டி, இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

“அந்த மாட்டுப் பண்ணைக்கு அடுத்த வளைவில் அமெரிக்கா,” என்றாள். “எல்லைப் பலகை விழுந்து கனநாள்.”

நீலக் காரின் நம்பர் பிளேற் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் வெர்மொன்ட்.

மாக்கஸ் தலை நிமிரவில்லை. நான் அன்ரிக்கு விஷயத்தைச் சொன்னேன்.

அவ பேப்பரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

“சென்றி எண்டு நான் சொன்னனான்தானே? காரைத் திருப்பு பிள்ளை. உழவு மெசினுக்கு இங்கால நிண்டு அந்த மனுசனுக்கு ஒரு தாங்ஸ் சொல்லிப்போட்டு வருவம்.”