உடம்பெல்லாம் நாக்கு

பதினொன்றே முக்கால்.

உச்சி சாய்வதற்குள் அப்பாவுக்குப் படைத்தாக வேண்டும். அவர் போய் முதல் வருடம்.

கெளுத்தி மீன் குழம்பு கொதித்து அடங்கியிருந்தது. அவள் கரண்டியில் கொஞ்சம் மொண்டாள்.

"ஏய், வாயில வச்சிடாதடி. படைக்கிறத எச்சில் பண்ணுவியா?"

அடுப்படி வாசலில் சித்தி இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கரண்டி சட்டிக்கே திரும்பியது.

கடைசி இரண்டு வருடம் அப்பாவுக்குச் சிட்டிகை உப்புச் சாப்பாடுதான். சிறுநீரகம். சமைத்ததும் பரிமாறியதும் அவள்தான். நாக்கு செத்துப்போச்சும்மா என்பார்.

இன்றைக்காவது சரியாக இருக்க வேண்டும்.

ஆவியில் முகத்தை நீட்டினாள். புளி தெரிந்தது. வெந்தயம் தெரிந்தது. உப்பு தெரியவில்லை.

விரல் நுனியை மேலாக வைத்துப் பார்த்தாள்.

சூடு மட்டும்.

"நான் கெளுத்தியா இருந்தா இந்த விரலே சொல்லிடும் சித்தி."

"என்னத்த?"

"உப்ப."

கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சி அதுதான். கெளுத்தியின் தோலை மெல்லிய சீவலாக்கிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் சுவை மொட்டுகளைத் தேடுவது. உதட்டில் இருக்கும். மீசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். செவுளுக்குள், துடுப்பில், விலாவில். வால்வரைக்கும். வாய்க்குள் நாக்கென்று இருப்பது நீட்டவும் மடக்கவும் முடியாத ஒரு மேடு. கலங்கிய தண்ணீரில் கண்ணுக்குப் படாத புழுவை மீசை ருசித்துவிடும்.

சொன்னாள்.

சித்தியின் கை இலைமேல் நின்றது.

"அப்ப சட்டியில கெடக்குறது பூரா நாக்கா?"

"கிட்டத்தட்ட."

"நல்லதாப் போச்சு. அதுங்களையே கேட்டுக்க. என் உயிர ஏன் வாங்குற."

சித்தி சிரித்துக்கொண்டே இலையோடு கூடத்துக்குப் போனாள்.

அவள் உப்பு ஜாடியைத் திறந்தாள். இரண்டு விரல் ஒரு சிட்டிகை எடுத்தது. அதற்குமேல் கை போகவில்லை.

பழகிய அளவு.

அதை ஜாடிக்குள்ளேயே உதிர்த்தாள்.

மறுபடி கையை விட்டாள். ஐந்து விரலும் அள்ளின.

போட்டாள்.

சட்டியைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினாள். கல்லுப்பு கரகரத்து, அடங்கியது. ஒரு தலை மேலே வந்தது. மீசையை அவள் நறுக்காமல் விட்ட தலை. குழம்பில் அந்த மீசை நீண்டு கிடந்தது.

கூடத்தில் சித்தி ஊதுவத்தி பற்றவைக்கும் வாசனை.

அவள் சட்டியின்மேல் குனிந்தாள்.

"உப்பு போதுமாப்பா?"