பள்ளத்துக்குப் பட்டா

ஆறு, ஏரிகளுக்குப் பிறகு, வெகுகாலம் மூடப்படாத சாலைப் பள்ளங்களுக்கும் சட்டப்படி மனித அந்தஸ்து கிடைத்தது. ஏழாவது வார்டுப் பள்ளத்துக்கு நகராட்சி பட்டாவே கொடுத்துவிட்டது. அதற்குக் காற்றோட்டம் வேண்டுமாம். பக்கத்தில், பள்ளத்துக்கும் முன்பிருந்தே பட்டா இல்லாமல் குடியிருந்த அஞ்சுகத்தின் குடிசையை இடிக்கத் தீர்மானம் வந்தது.

கூட்டத்தில் அஞ்சுகம் எழுந்தாள். “ஐயா, அந்தப் பள்ளத்தை எதுக்குத் தோண்டுனீங்க?”

“உங்க வீட்டுத் தண்ணிக் குழாய்க்குத்தாம்மா,” என்றார் நகர்மன்றத் தலைவர்.

“குழாய் வரல, பள்ளந்தான் வந்துச்சு. எனக்காகப் பொறந்ததுன்னா நான்தானே அதுக்கு அம்மா? தாயையும் புள்ளையையும் பிரிப்பீங்களா?”

கவுன்சிலர்கள் கண்கலங்கினார்கள். தீர்மானம் ஒருமனதாகத் திருத்தப்பட்டது.

மறுநாள் குடிசையை இடித்த கையோடு, அஞ்சுகத்துக்குச் சால்வை போர்த்தி, கைத்தாங்கலாகப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டார்கள்.