தைத்து மூடிய பாக்கெட்

லுசாக்கா நகரின் ஒரு பெரிய கடையில், பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் காலை வெயில் நுழைகிறது. திருடிவிடுவார்கள் என்று கல்லாப் பெண்களின் சீருடைப் பாக்கெட்டுகளைத் தைத்து மூடித்தான் கொடுப்பார்கள். இன்று கடை திறக்குமுன் அந்தப் பெண்களின் வரிசையில் நிற்கும் நமூகோலோவின் கைகள் இரண்டும் பாக்கெட்டுக்குள் இருக்கின்றன. பிரித்த நூல் ஓரத்தில் ஆடுகிறது. மேனேஜர் சியாமே அவள் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறார். "யாரைக் கேட்டுப் பிரிச்சே?" "தைக்கும்போது எங்களக் கேட்டீங்களா பாஸ்?" பக்கத்தில் சிலுஃபியா சிரிப்பை இருமலாக்கி விழுங்குகிறாள். "வேல வேணுமா வேணாமா? உள்ள என்ன வச்சிருக்கே?" "என் கையத்தான். இத்தன வருஷமா அதுக்கு ஒரு எடமில்லாம இருந்துச்சு." அவர் வாயைத் திறப்பதற்குள், வரிசை நெடுகப் படக் படக்கென்று நூல் அறுகிறது.